ஓப்பன் சோர்ஸ் கான்ஃபரன்ஸும் வீட்டுக் காலண்டரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான்.

கொஞ்ச நாளாவே உங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துட்டு இருக்கு. "டாக் அக்செப்ட் ஆயிடுச்சு, ஆனா அதே வாரம் தங்கச்சி நிச்சயதார்த்தம், என்ன பண்றது?" "இருந்த லீவை எல்லாம் கான்ஃபரன்ஸுக்கே போட்டுட்டேன், தீபாவளிக்கு ஊருக்குப் போக ஒரு நாள் கூட மிச்சம் இல்ல." இன்னொருத்தர் வீட்டுல கேட்டாங்களாம், "சம்பளமே தராத வேலைக்கு எதுக்குடா இவ்வளவு அலையற?"

எல்லாத்துக்கும் சேர்த்து இன்னைக்குப் பேசலாம். பெரிய அனுபவசாலின்னு சொல்லிக்க மாட்டேன். இந்த விஷயத்துல நல்லா சொதப்பினவன், அவ்வளவுதான். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாஸ்போர்ட் கையில இல்லாத மூணு வாரம்

ஃபாஸ்டெம் பத்தி இங்க நிறைய தடவை பேசியிருக்கோம். பெல்ஜியத்துல, பிரஸ்ஸல்ஸ் யூனிவர்சிட்டி கேம்பஸ்ல, வருஷா வருஷம் ஜனவரி கடைசி இல்லன்னா பிப்ரவரி முதல் சனி, ஞாயிறுல நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது, பதிவு கூட பண்ண வேண்டாம், நடத்தறது முழுக்க தன்னார்வலர்கள். 2025ல பிப்ரவரி 1, 2. அதுல ஒரு டெவ்ரூம்ல 20 நிமிஷம் பேச எனக்கு வாய்ப்பு கிடைச்சுது.

அதே சமயம் சிங்கப்பூர்ல இருக்கற அக்காவுக்கு இது ஏழாவது மாசம். பிப்ரவரி 10 வாக்குல பிரசவம்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. என் பிளான் ரொம்ப சுத்தமா இருந்துச்சு. 4ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ்ல இருந்து சென்னை, 7ஆம் தேதி அம்மாவைக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர். ஸ்ப்ரெட்ஷீட்ல பச்சை கலர் எல்லாம் அடிச்சு வெச்சிருந்தேன்.

டாக் அக்செப்ட் ஆன மெயில் டிசம்பர் நடுவுல வந்துச்சு. விசா அப்பாயின்ட்மென்ட் ஜனவரி முதல் வாரத்துலதான் கிடைச்சுது. பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு வந்தேன்.

ஜனவரி 17, காணும் பொங்கலுக்கு மறுநாள், மாமா போன் பண்ணார். அக்காவுக்கு திடீர்னு பிபி ஏறி, ஆபரேஷன் பண்ணி குழந்தையை எடுத்துட்டாங்க. மூணு வாரத்துக்கும் மேல முன்னாடியே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, ஆனா அம்மா உடனே வந்தா நல்லா இருக்கும்னு சொன்னார்.

அம்மா அதுவரைக்கும் பிளைட்ல ஏறினதே இல்ல. அப்பாகிட்ட பாஸ்போர்ட் கிடையாது. என் பாஸ்போர்ட் விசாவுக்காக உள்ள இருக்கு. விசாரிச்சேன். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கலாம், ஆனா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கணும்னாங்க. அப்படின்னா பிரஸ்ஸல்ஸ் அவ்வளவுதான்.

இந்த இடத்துல நேர்மையா ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா இந்தக் கதையை நண்பர்கள்கிட்ட "பாஸ்போர்ட் மாட்டிக்கிச்சு, போக முடியல"ன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். அது உண்மை இல்ல. போயிருக்கலாம். அக்காகிட்ட போன்ல, "பாஸ்போர்ட்டை வாபஸ் வாங்கணும், ஒரு நாள் யோசிச்சு சொல்றேன்"னு சொன்னேன். யோசிச்சேன். வாபஸ் வாங்கல.

19ஆம் தேதி அம்மா தனியாப் போனாங்க. சிங்கப்பூர் போறவங்க முன்கூட்டியே ஆன்லைன்ல நிரப்ப வேண்டிய அரைவல் கார்டை வீட்டுல உக்காந்து நிரப்பினேன், ஏர்போர்ட் வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டேன். ஒரு மகனா அன்னைக்கு நான் பண்ணது அவ்வளவுதான். விசா 27ஆம் தேதி வந்துச்சு. பிரஸ்ஸல்ஸ் போனேன், பேசினேன், ஒரு நாப்பது பேர் கேட்டாங்க. நல்ல கேள்விகள் வந்துச்சு. திட்டம் போட்ட மாதிரியே 7ஆம் தேதி சிங்கப்பூர் போனேன். குழந்தைக்கு அப்ப மூணு வாரம்.

அக்கா கோவிச்சுக்கல. ரொம்ப நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை சொன்னா: "நீ வரலைங்கறது கூட பரவாயில்லடா. யோசிச்சு சொல்றேன்னு சொன்ன பாரு, அதுதான்."

லினஸுக்கே நடந்துச்சு

இது ஏதோ என்னை மாதிரி சின்ன ஆளுக்கு மட்டும் நடக்கற விஷயம்னு நினைக்காதீங்க.

2018ல லினக்ஸ் கெர்னல் மெயின்டெய்னர்ஸ் சம்மிட் கனடாவுல, வான்கூவர்ல நடக்கறதா இருந்துச்சு. அழைப்பு இருக்கறவங்க மட்டும் கலந்துக்கற சின்னக் கூட்டம். லினஸ் டோர்வால்ட்ஸ் காலண்டரைக் குழப்பிக்கிட்டு, அதே சமயத்துல குடும்பத்தோட விடுமுறைக்குத் திட்டம் போட்டுட்டார். இந்த ஒரு வருஷம் நான் இல்லாமலே நடத்திக்கோங்கன்னு விட்டுடலாம்னுதான் அவருக்கு எண்ணம். ஆனா மத்தவங்க கூட்டத்தையே ஸ்காட்லாந்துல இருக்கற எடின்பரோவுக்கு மாத்திட்டாங்க.

அதுக்கப்புறம் அந்த வருஷம் செப்டம்பர் 16ஆம் தேதி அவர் அனுப்பின மெயில் ரொம்பப் பிரபலம். மத்த டெவலப்பர்கள்கிட்ட இத்தனை வருஷமா கடுமையா நடந்துக்கிட்டதுக்கு மன்னிப்பு கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கப் போறேன்னு சொன்ன மெயில். எல்லாருக்கும் அந்த மன்னிப்பு ஞாபகம் இருக்கு. ஆனா அந்த மெயில்ல இந்தக் காலண்டர் குழப்பத்தையும் அவர் சொல்லியிருப்பார்.

அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அடுத்து நடந்ததுதான். கிரெக் க்ரோ-ஹார்ட்மன் பொறுப்பை எடுத்துக்கிட்டார். 2018 அக்டோபர் 22ஆம் தேதி 4.19 கெர்னலை அவரே வெளியிட்டார். லினஸ் அடுத்த வெர்ஷனுக்குத் திரும்பி வந்துட்டார். உலகத்துல பாதி சர்வர் ஓடற ப்ராஜெக்ட், தலைவர் இல்லாம சில வாரம் ஓடுச்சு. அப்ப என் ப்ராஜெக்ட், என் 20 நிமிஷ டாக்?

2 நாள் நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் போகுது?

சரி, கணக்குக்கு வருவோம். ஃபாஸ்டெம் சனி, ஞாயிறு. "வீக்எண்ட்தானே, லீவே தேவையில்ல"ன்னு தோணும். சென்னையில இருந்து வியாழன் ராத்திரி ஏறினா வெள்ளி போய்ச் சேரலாம். அது ஒரு லீவு. திங்கள் கிளம்பி செவ்வாய் வந்து இறங்கினா இன்னும் ரெண்டு. விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு அரை நாள். மொத்தம் மூணரை நாள். ஸ்லைடு பண்ற ரெண்டு வீக்எண்டும், திரும்பி வந்து தூக்கம் கலைஞ்சு திரியற நாளும் இந்தக் கணக்குல சேரல.

இப்ப உங்க லீவைப் பாருங்க. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947ன்னு ஒண்ணு இருக்கு. அதுப்படி ஒரு வருஷம் வேலை பார்த்தவங்களுக்கு சம்பளத்தோட 12 நாள் விடுப்பு, அதுக்கு மேல 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் உடம்பு சரியில்லைன்னா எடுக்கற விடுப்பு. பண்டிகை லீவுக்கு 1958ல வந்த தனிச் சட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட 5 பண்டிகை நாள். நிறைய ஐடி கம்பெனிகள் இதுக்கு மேலயே தரும். ஆனா அடிப்படைக் கணக்கு இதுதான்.

அந்த 12ல வெளிநாட்டு கான்ஃபரன்ஸ் மூணு போனா பத்தரை நாள் காலி. மிச்சம் ஒண்ணரை நாள்ல ஊர்த் திருவிழா, நண்பன் கல்யாணம், அம்மாவோட கண் ஆபரேஷன். கேஷுவல் லீவை எடுத்து ஒட்டுப் போடுவோம். ஒரு அவசரம்னு வரும்போது எதுவும் மிச்சம் இருக்காது.

இதுல இன்னொரு சிக்கல். கான்ஃபரன்ஸ் காலண்டரைப் போடறவங்க நம்ம பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போடறதில்ல. ஐரோப்பாவுல நடக்கறது அவங்க கிறிஸ்துமஸ், கோடை விடுமுறையை வெச்சு அமையும். ஃபாஸ்டெம் பொங்கல் முடிஞ்ச ரெண்டு மூணு வாரத்துல. செப்டம்பர்ல நம்ம ஊர்லயே இந்தியாஃபாஸ், பைகான் இந்தியா மாதிரி வரிசையா வரும், விநாயகர் சதுர்த்தியும் அந்தப் பக்கம்தான். ஜெர்மனியில கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் டிசம்பர் 27ல இருந்து 30 வரைக்கும், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவுல. அங்க இருக்கற ஹேக்கர்கள் அம்மா வீட்டுல கிறிஸ்துமஸ் சாப்பாட்டை முடிச்ச கையோட ரயில் ஏறுவாங்க. ஆக, வீட்டுல சமாளிக்கற வேலை நமக்கு மட்டும் இல்ல.

முடிவு எங்க எடுக்கறோம்?

என் கதையில தப்பு எங்க நடந்துச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ஜனவரி 17 அன்னைக்கா? இல்ல. அன்னைக்கு எது செஞ்சாலும் ஒண்ணு உடையும். தப்பு நடந்தது அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, டாக்குக்கு விண்ணப்பம் போட்ட ராத்திரி.

நம்ம எல்லாரும் ப்ரபோசல் எப்படிப் போடுவோம்? கடைசி நாள், ராத்திரி 11.40, "சும்மா போட்டு வைப்போம், அக்செப்ட் ஆனா அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த "அப்புறம் பார்த்துக்கலாம்"தான் வலை. ஏன்னா அக்செப்ட் ஆனதும் அது வெறும் வாய்ப்பு இல்ல, வாக்கு. ஷெட்யூல்ல பேர் வந்துடும், டிவிட்டர்ல போட்டுடுவோம், ஸ்பான்சர்ஷிப் கிடைச்சிருந்தா அடுத்தவங்க கொடுத்த நன்கொடைக் காசுக்கும் பதில் சொல்லணும். அதுக்கப்புறம் வீட்டுல போய்க் கேக்கறது அனுமதி இல்ல, தகவல் சொல்றது.

அதனால இப்ப நான் ப்ரபோசல் அனுப்பறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசிடறேன். "பிப்ரவரி முதல் வாரம் நான் ஊர்ல இல்லைன்னா எது எது பாதிக்கும்?"னு கேக்கறேன். எனக்குத் தெரியாத தேதிகள் அப்பதான் வெளிய வரும். அப்பாவோட செக்கப், சித்தி வீட்டு கிரகப்பிரவேசம். ஆபீஸ்லயும் அதே நேரத்துல மேனேஜர்கிட்ட கேளுங்க: டாக் நம்ம வேலை சம்பந்தப்பட்டதுன்னா அந்த நாட்களை வேலை நாளா எடுத்துக்க முடியுமா? அக்செப்ட் ஆகறதுக்கு முன்னாடி கேட்டா அது ஒரு யோசனை. அப்புறம் கேட்டா நெருக்கடி.

பாஸ்போர்ட்டும் பணமும்

இது ரெண்டும் சீக்கிரம் சொல்லிடறேன், ஆனா குறிச்சுக்கோங்க.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். குறைஞ்சது 15 நாள் முன்னாடி போடணும். வழக்கமா 15 நாள்ல முடிவு தெரியும், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் போகலாம். அதுவரைக்கும் பாஸ்போர்ட் உங்ககிட்ட இருக்காதுன்னே வெச்சுக்கோங்க. வெளிநாட்டுல உங்களை நம்பி யாராவது இருந்தா, "நான் ஊர்ல இல்லாத நாட்கள்"ங்கற கணக்குல இந்த நாட்களையும் சேருங்க. நான் சேர்க்கல.

ஒரு நல்ல செய்தி. 2024 ஏப்ரல்ல இந்தியர்களுக்குன்னு ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்துச்சு. முந்தைய 3 வருஷத்துல ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா, 2 வருஷத்துக்குப் பல தடவை போய் வர விசா கிடைக்கலாம். அதுக்கடுத்து 5 வருஷம். அடிக்கடி போறவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

பணம்: டெப்கான்ஃப் மாதிரி பல இடங்கள்ல பயண உதவி கிடைக்கும். ஆனா பெரும்பாலும் நீங்க முதல்ல டிக்கெட் போடணும், போய் வந்து ரசீது காட்டினதுக்கு அப்புறம் பணம் வரும். நடுவுல இருக்கற மாசங்களுக்கு உங்க கிரெடிட் கார்டுதான் ஸ்பான்சர். வீட்டு இஎம்ஐ, தம்பி காலேஜ் ஃபீஸ் எல்லாம் அதே மாசம்தான் வரும்.

நேர்ல போனாதான் கிடைக்கறது

"அப்ப போகவே வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. கண்டிப்பா போகணும். ஆனா எதுக்குப் போறோம்னு தெரிஞ்சு போகணும்.

ஃபாஸ்டெம் டாக் எல்லாம் லைவ்வா வருது, அப்புறம் ரெக்கார்டிங்கும் போடறாங்க. 2021லயும் 2022லயும் முழுக்க ஆன்லைன்லயே நடந்துச்சு. அதனால டாக் கேக்கறதுக்காக 3 நாள் லீவும் ஒரு லட்சம் ரூபாயும் செலவு பண்ண வேண்டாம். ரெக்கார்டிங்ல வராதது வராந்தாப் பேச்சு. ஒரு வருஷமா என் பேட்ச்சை ரிவ்யூ பண்ணாம வெச்சிருந்த மெயின்டெய்னரை காபி வரிசையில பார்த்தேன். "அது நீதானா?"ன்னு சிரிச்சார், பத்து நிமிஷத்துல பிரச்சினை முடிஞ்சுது. அதுக்குத்தான் பிளைட் டிக்கெட். போனா ஹால்ல உக்காராதீங்க, வராந்தாவுல நில்லுங்க. போகலைன்னா டாக்கை வீட்டுல பாருங்க.

தூரமும் முக்கியம். 2023 செப்டம்பர்ல டெப்கான்ஃப் கொச்சிக்கே வந்துச்சு. உலகம் பூரா இருக்கற டெபியன் ஆளுங்க நம்ம பக்கத்து ஊர்ல. விசா இல்ல, ஜெட்லாக் இல்ல. 17ஆம் தேதி ஞாயிறு முடிஞ்சுது, எர்ணாகுளத்துல ரயில் ஏறினேன், 18ஆம் தேதி காலையில வீட்டுல சதுர்த்திக் கொழுக்கட்டை. குப்கான் 2024 டிசம்பர்ல டெல்லிக்கு வந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல ஹைதராபாத்துக்கு. ரயில் தூரத்துல இத்தனை நடக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் கண்டம் தாண்டணும்னு இல்ல.

"கான்ஃபரன்ஸையும் டூரையும் சேர்த்துடறேன், குடும்பத்தையும் கூட்டிட்டுப் போயிடறேன்"னு சிலர் சொல்றாங்க. நல்ல யோசனைதான், ஆனா நாட்களைப் பிரிச்சுடுங்க. கான்ஃபரன்ஸ் நாள்ல அவங்களை ஹோட்டல் ரூம்ல விட்டுட்டு, ராத்திரி பத்து மணிக்கு வந்து "செம்ம டாக் தெரியுமா"ன்னு சொன்னா அதுக்குப் பேர் விடுமுறை இல்ல. கான்ஃபரன்ஸ் முடிஞ்ச மறுநாள் அவங்க வந்து இறங்கட்டும். அன்னைக்கு லேப்டாப் பைக்குள்ள போயிடணும். சின்னக் குழந்தை இருக்கறவங்க விசாரிச்சுப் பாருங்க, பைகான் யூஎஸ் மாதிரி சில இடங்கள்ல குழந்தைகளைப் பார்த்துக்கற ஏற்பாடு இருந்திருக்கு.

நான் இப்ப என்ன பண்றேன்

வருஷ ஆரம்பத்துல காலண்டர்ல முதல்ல வீட்டுத் தேதிகளைப் போடறேன். அதுக்கப்புறம்தான் கான்ஃபரன்ஸ். வருஷத்துக்கு வெளிநாடு ஒண்ணு, ரயில் தூரத்துல ரெண்டு, அதுக்கு மேல இல்ல. எதுக்கும் தொடாத 4 நாள் லீவு தனியா இருக்கும். திரும்பி வந்த மறுநாள் ஆபீஸ் கிடையாது.

ப்ராஜெக்ட்ல இன்னொருத்தருக்கும் ரிலீஸ் பண்ற உரிமை கொடுத்திருக்கேன். பொங்கல், தீபாவளி வாரத்துல நான் ரிலீஸ் பண்றதில்ல. ஆரம்பத்துல கொஞ்சம் உறுத்துச்சு, நான் இல்லாம எப்படின்னு. ஒண்ணும் ஆகல. சில இஷ்யூ ஒரு வாரம் லேட்டா க்ளோஸ் ஆச்சு.

கடைசியா ஒண்ணு. ஏதாவது அவசரம்னு போன் வந்தா என்ன பண்ணுவேன்னு ப்ரபோசல் போடும்போதே முடிவு பண்ணி வெச்சுடறேன். எனக்குப் பதிலா பேச யாராவது இருக்காங்களா, அமைப்பாளர்கிட்ட எந்தத் தேதிக்குள்ள சொன்னா அவங்களுக்குச் சிரமம் இருக்காதுன்னு முன்னாடியே கேட்டுக்கறேன். டாக் ரத்தாகறது அமைப்பாளர்களுக்குப் புதுசு இல்ல, மெயில் போட்டா புரிஞ்சுப்பாங்க. இப்படி முன்னாடியே முடிவு பண்ணிட்டா, போன் வர்ற அன்னைக்கு "யோசிச்சு சொல்றேன்"னு சொல்ல வேண்டியிருக்காது.

இந்த வருஷம் ஃபாஸ்டெமுக்கு ப்ரபோசல் போடல. பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேர்த்து, குழந்தையோட முதல் பிறந்தநாளுக்கு சிங்கப்பூர் போயிட்டு வந்தேன். ஜனவரி 31 சனிக்கிழமை, மதியம் 2 மணி, அங்க காலை 9.30. சாப்பிட்டு முடிச்சு டிவியில லைவ் போட்டேன். அம்மா பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"போன வருஷம் இங்கதான் போனியா?"

"ஆமாம்மா."

"இதைத்தான் டிவியிலயே காட்டறாங்களே?"

வராந்தாப் பேச்சு, காபி வரிசை எல்லாத்தையும் விளக்க ஆரம்பிச்சேன். கேட்டுக்கிட்டாங்க. "அப்ப அடுத்த வருஷம் போ, முன்னாடியே சொல்லிட்டு"ன்னாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல இதை எப்படிச் சமாளிக்கறீங்கன்னு எழுதி அனுப்புங்க. சொதப்பின கதையா இருந்தா இன்னும் நல்லது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.